அவள் ஏறினால் கடகடக்கும் கார்

என் மனைவி காரில் ஏறி உட்கார்ந்தால் இன்ஜின் கடகடக்கத் தொடங்கும். இறங்கி நின்றால் வாயை மூடிக்கொள்ளும். அதோடு போயிற்றா? அவள் பக்கத்தில் இருந்தால் போதும், மண்டையைப் பிளக்கிற வெயிலிலும் காருக்குள் பனிமலைக் காற்று வீசும். இப்படி ஒரு மனைவியும் இப்படி ஒரு காரும் ஒரே வீட்டில் வாய்த்தது உலகத்திலேயே எனக்கு மட்டும்தான்.

நீங்கள் நம்ப வேண்டாம். என் மகளும் நம்பவில்லை. அப்பா எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் கண்டுபிடித்த கணக்கு. கல்யாணமான புதிதிலேயே அதை மாப்பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டாள். நான் ஆள் உயரத்துக்கு மீன் பிடித்த கதையைச் சொல்லும்போது அவர் உதடு மெல்ல அசையும். வகுக்கிறார் என்று அர்த்தம். கடைசியில் என் மீன் நெத்திலியாகிவிடும்.

கார், மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. அப்போது அது நீலம். இப்போது என்ன நிறம் என்பது பார்ப்பவர் மனசைப் பொறுத்தது. ஏசி உண்டு, ஆனால் நான் தொட்டதே இல்லை. அது பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும் என்பது என் கட்சி. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஃபேனை மட்டும் சுழலவிடுவேன். ஏசி பொத்தானில் எரியவேண்டிய குட்டி விளக்கும் வாங்கும்போதே உயிரோடு இல்லை. தனியாகப் போனால் வெந்துபோவேன், மனைவியோடு போனால் குளிரும். அவள் கைராசி, நான் ஓட்டும் நயம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

அந்தக் காருக்குத்தான் வியாதி வந்தது. தகர டப்பாவுக்குள் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்கியதுபோல டக டக டக. கொஞ்சம் வரும், நிற்கும், மறுபடியும் வரும். ஒரு நாள் பின்சீட்டில் இருந்த மகள் அதைக் கேட்டுவிட்டாள். இன்ஜின் முடிந்தது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். நடுரோட்டில் நின்றுபோனால் அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். நியாயமான கேள்வி, அதனால் எனக்குக் கோபம் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் பழைய இரும்பு வியாபாரி இழுவை வண்டியோடு வருவதாக அவளே ஏற்பாடும் செய்துவிட்டாள். அதற்குள் சத்தம் எங்கே என்று கண்டுபிடித்தால் கார் தப்பும். இல்லாவிட்டால் அதன்பிறகு நான் ஒரு பார்சல். யாராவது வந்து எடுத்துப்போனால்தான் வீட்டைவிட்டு நகரமுடியும்.

எங்கள் மெக்கானிக்குக் காதுக்காரர் என்று பெயர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார். எறும்பு ஏப்பம் விட்டாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அவரிடம் கொண்டுபோகும்போதெல்லாம் என் கார், தலைமையாசிரியர் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி பவ்யமாக இருந்தது. ஓட்டிப் பார்த்தார், படுத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை.

"இன்ஜின் கடிகாரம் மாதிரி ஓடுது சார். உங்க காதைக் கழட்டிக் குடுங்க, அதை சர்வீஸ் பண்ணித் தர்றேன்" என்றார்.

சனிக்கிழமை காலை. மனைவிக்குப் புது மூக்குக்கண்ணாடிக்காகக் கண் டாக்டரைப் பார்க்கவேண்டும். போகிற வழியில் கடைசியாக ஒருமுறை காதுக்காரரிடம் காட்டிவிடலாம் என்று கிளம்பினேன். நான் காரோடு தலைமறைவாகிவிடுவேன் என்ற சந்தேகத்தில் மகளும் ஏறிக்கொண்டாள். வழி நெடுக டக டக. பட்டறை வாசலில் நிறுத்தினேன். மனைவி இறங்கினாள். சத்தம் நின்றது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இத்தனை நாளும் காதுக்காரரிடம் நான் தனியாகத்தான் வந்திருக்கிறேன்.

விஷயத்தை அறிவித்தேன். காதுக்காரர் அழுக்குத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பை அடக்க. மகள் அடக்கவில்லை.

"அம்மா என்னப்பா, ரிமோட்டா?"

பரிசோதித்துப் பார்த்துவிடுவோம் என்றேன். மனைவிக்கு இஷ்டமே இல்லை. டாக்டர் போய்விடுவார் என்றாள், கால் வலிக்கிறது என்றாள். பிடிவாதமாக முன்சீட்டில் உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு வெளியே வந்தேன். சத்தமே இல்லை. வெயில் ஏறியது. மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். என் மீசை தொங்கிப்போயிற்று. உள்ளே மனைவி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள், விசிறிக்கொண்டாள்.

டக டக டக.

காதுக்காரரின் துணி கீழே விழுந்தது. அவளை இறங்கச் சொன்னார். நின்றது. அவரே ஏறி உட்கார்ந்தார், ஒன்றுமில்லை. மகளை உட்காரவைத்தார், ஒன்றுமில்லை. எடைதான் காரணமோ என்று லாரி பேட்டரி ஒன்றைத் தூக்கிவந்து சீட்டில் வைத்தார். பேட்டரியையும் கார் மதிக்கவில்லை. மறுபடி மனைவி ஏறினாள். கொஞ்ச நேரத்தில் டக டக.

காதுக்காரர் பானெட்டுக்குள் தலையை விட்டு, ஸ்க்ரூடிரைவரை இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டார். நிமிர்ந்து பக்கவாட்டில் வந்து, கதவுக் கண்ணாடி வழியாக என் மனைவியின் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க ஏசி போடுறதே இல்லைன்னு சொன்னீங்கல்ல?"

"சத்தியமா இல்ல. தொட்டதே இல்ல."

"அப்ப இந்த ஏசி கம்ப்ரஸர் யாருக்காக ஓடுது?"

கம்ப்ரஸரைத் தாங்குகிற போல்ட்டுகளில் ஒன்று விழுந்தே போயிருந்தது, இன்னொன்று தளர்ந்திருந்தது. குளிர் போதுமானதும் கம்ப்ரஸர் நிற்கும், சூடு ஏறினால் ஓடும். ஓடும்போதெல்லாம் ஆடி அடித்துக்கொள்ளும். அதுதான் வந்து வந்து போகிற சத்தம். இன்ஜின் ஒரு பாவமும் அறியாது.

மூன்று பேரும் காரைச் சுற்றி நின்று மனைவியைப் பார்த்தோம். அவள் கதவுக் கண்ணாடியை நிதானமாக இறக்கினாள். எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கேட்டேன்.

"வாங்கின நாள்லேருந்துதான். இறங்கறப்ப அமர்த்திடுவேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? நீங்க ஓட்டுற நயத்துலதான் கார் குளிருதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க. கேட்டவங்க பாதிப் பேர் தலையை வேற ஆட்டிட்டாங்க. அதைப் போய் நான் கெடுக்கணுமா?"

மகள் பட்டறைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காதுக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊரையே ஏமாற்றுகிற என்னை ஒரு பொத்தானில் ஏமாற்றியவளைப் பார்த்து நான் மட்டும் எழுந்து நின்று வணங்கியிருப்பேன், ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் வணங்க மட்டும் செய்தேன்.

புதுப் போல்ட்டுகளை முறுக்கியதும் கார் தூங்குகிற பூனைபோல மெல்ல உறுமியது. இழுவை வண்டிக்காரரை வரவேண்டாம் என்று மகளே போன் பண்ணிச் சொன்னாள். டாக்டரிடம் ஓட்டிக்கொண்டு போனோம். இந்த முறை மனைவி பொத்தானை எல்லாருக்கும் தெரியும்படி, கட்டைவிரலால் அழுத்தினாள்.

பாதி வழியில் மாப்பிள்ளை போன் பண்ணினார். கார் போய்விட்டதா என்று கேட்டிருப்பார் போல. மகள் நடந்ததைச் சொல்லச் சொல்ல மறுமுனையில் அவர் வகுக்கத் தொடங்கிவிட்டார். உதடு அசைகிறது என்று எனக்குத் தெரியும். மகள் பின்பார்வைக் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"இல்லங்க, இதை மட்டும் வகுக்காதீங்க. அம்மா ஏறினா சத்தம் வந்துச்சு, இறங்கினா நின்னுச்சு. நானே நின்னு பார்த்தேன்."