முள் இல்லாத தூண்டில்

இந்த ஜனவரி உறைபனியில் எங்கள் ஓடையின் டிரவுட் மீன்கள் விறைத்துப்போய் மிதந்தன. கரோலினா கடற்கரையில் சில வருடங்களுக்கு ஒருமுறை நடப்பதுதான். ஆனால் இந்தத் தடவை தண்ணீர் முழுக்க வெள்ளை வயிறுகள். பக்கத்து வீட்டு மெர்ல் முதற்கொண்டு ஊரே கைவலையோடு இறங்கி அள்ளியது. என் கணவன் ராய்ஸ் மட்டும் எங்கள் படகுத்துறையில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டான். கோடைவரை டிரவுட் பிடிக்கக் கூடாது என்று அரசாங்கமும் தடை போட்டுவிட்டது.

"வீட்ட வித்துடலாம், லூரீன்" என்றான் மறுவாரம். "துறைக்குக் கீழ இருந்த மடு செத்துப்போச்சு. டானாகிட்ட போயிடலாம்."

எனக்கு மீன்மேல் அப்படியொன்றும் பாசம் கிடையாது. ஆனால் இந்த வீடு என்னுடையது. நகரத்தில் மகள் டானா வீட்டு மாடியில், பக்கத்து வீட்டுக்காரன் காரைப் பார்த்துக்கொண்டு சாக எனக்கு இஷ்டமில்லை. சனிக்கிழமை வீடு பார்க்க ஆள் வருவதாக ஏற்பாடே ஆகிவிட்டது.

"ஒருதடவ தூண்டில் போட்டுத்தான் பாரேன்யா."

"எதுக்கு? ஒண்ணுமில்லேன்னு உறுதி பண்ணிக்கவா?"

விஷயம் அதுதான். கிழவனுக்குப் பயம். பயத்துக்கு என் வீட்டை விலை பேசுகிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை காலை அவனுடைய தூண்டிலை நானே எடுத்தேன். தடைக்காலத்தில் அவன் முள்ளின் நுனியைக் குறடால் நறுக்கிவிட்டு, ரப்பர் இரையை மட்டும் தண்ணீரில் விடுவான். மீன் வாய் வைத்தால் கைக்குத் தெரியும், மீனுக்குக் காயம் இருக்காது. நானும் நறுக்கினேன். துறையின் கோடியில் நின்று இரையை விட்டேன், சுற்றினேன். மறுபடி விட்டேன், சுற்றினேன். மூக்கு ஒழுகியதுதான் மிச்சம்.

சமையலறைக் கதவு படாரென்று திறந்தது.

"அடியே! ரீல அப்படிச் சுத்தாத! குளிர்ல மீனுக்கு வாயத் தொறக்கவே சோம்பேறித்தனம். நீ என்ன பஸ்ஸப் பிடிக்கவா ஓடுற?"

"அப்ப நீ வந்து போடு."

"நான் வரல."

சொல்லிக்கொண்டே வந்துவிட்டான், கோட்டுகூடப் போடாமல். யாராவது தப்பாகத் தூண்டில் போட்டால் அவனுக்குப் பொறுக்காது.

"அடிமண்ணுல விடு. சும்மா இரு. அலுத்துப்போகும். அப்புறமும் சும்மா இரு."

இருந்தேன். கல்யாணமானதிலிருந்து அவன் பேச்சைக் கேட்டு நான் சும்மா இருந்தது அன்றுதான்.

டக். யாரோ கயிற்றைச் சுண்டியது போல இருந்தது.

"ராய்ஸ், தட்டுச்சு!"

"நண்டா இருக்கும்."

"ஜனவரியில நண்டா? நண்டெல்லாம் சேத்துல புதைஞ்சு தூங்குதுன்னு வருஷா வருஷம் நீதானய்யா சொல்லுவ?"

அவன் மெல்லக் கையை நீட்டித் தூண்டிலை வாங்கிக்கொண்டான். நான் கர்த்தரிடம் மன்றாடவில்லை, நேராகச் சண்டையே போட்டேன். ஒரு மீன், ஒரே ஒரு மீன், கொடுத்தால் குறைந்தா போய்விடுவீர் என்று.

அவன் தோள் துள்ளியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை.

"இது வேற மீனுடி. முன்னத விடப் பெருசு." அவன் குனிந்து தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தான். "ஆழத்துல ஒதுங்கிப் பொழச்சிருக்குங்க."

பலகையில் உட்கார்ந்து அழுதான். எனக்கும் கண்ணில் தண்ணீர்.

"அந்த ஆள வர வேணாம்னு சொல்லிடு" என்றான், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

ஓடினேன். மனம் மாறிவிடப் போகிறான் என்று போனில் காரணம்கூடச் சொல்லவில்லை, விற்கவில்லை என்று வைத்துவிட்டேன். அவன் கோட்டையும் சூடாகக் காபியையும் எடுத்துக்கொண்டு, பலகை அதிர அதிரத் திரும்பி வந்தேன்.

அவன் தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தினான்.

"மெதுவா நட, கெழவி. கீழ மீன் இருக்கு."