மெத்தைக்கடைக்காரரின் மச்சான்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாய் மட்டும் முழ நீளம், கை அரை விரல். குழாய் ஒழுகினால் யாருக்காவது போன் போட்டுச் சொல்வார்கள். நாய் குரைத்தால் சொல்வார்கள். ஒருத்தன் படியில் உட்கார்ந்தால் அதையும் சொல்வார்கள். எழுந்து போய்க் குழாயைத் திருகி மூடுகிறவன் ஒருத்தன்கூடக் கிடையாது. மெத்தைக்கடைப் பெரியவர் இதைத் தினமும் சொல்வார். கேட்க ஆள் இல்லாவிட்டால் கையில் தைத்துக்கொண்டிருக்கிற தலையணையிடம் சொல்வார். தலையணை எதிர்த்துப் பேசாது என்பதால் அதன்மேல் அவருக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

மற்றபடி அவர் எதையும், யாரையும் நம்புகிற ஆளில்லை. "மழை வருதுங்க" என்று பெண்டாட்டி சொன்னால் ஜன்னல் வழியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் "ஆமா" என்பார். பஞ்சு மூட்டை வந்தால் அடிவரைக்கும் கையை விட்டுப் பிடித்துப் பார்ப்பார். பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் போகாதவர். எழுத்தை நம்ப மாட்டார், எழுதினவனையும் நம்ப மாட்டார்.

கடை குறுகலானது. முன்னால் சுருட்டி நிறுத்திய மெத்தைகள், விருந்துக்கு வந்த தொப்பைக்கார மாமாக்கள் மாதிரி சுவரில் சாய்ந்து நிற்கும். பின்னால் பஞ்சு போட்டு வைக்கும் அறை, மாடியில் வீடு. வாசலில் அகலமான மூன்று கல்படிகள். அவற்றின்மேல் நல்ல நீளமாகக் கூரை நீண்டிருக்கும். அந்தத் தெருவிலேயே மழைச்சாரல் படாத படி அது ஒன்றுதான்.

அதைக் கண்டுபிடித்து வந்தவர்கள் கோட்டுக்காரரும் அவர் மனைவியும். எந்த வெயிலிலும் கனத்த கம்பளிக் கோட்டைக் கழற்றாததால் அவருக்கு அந்தப் பெயர். கிறுக்கு என்று தெருவில் சொன்னார்கள். கிறுக்கெல்லாம் இல்லை. கழற்றினால் வைக்க இடம் வேண்டுமே, அதுதான் விஷயம். மனைவி சிறுத்த உடம்புக்காரி, ஆனால் குரல் பெரிசு. இருவரும் ஓயாமல் சண்டை போடுவார்கள். ஷட்டருக்கு உள்ளே உட்கார்ந்து உறைக்கு நாடா கோக்கும்போது பெரியவர் காதில் எல்லாம் விழும். கோட்டுக்காரர் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினவர். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறிக் கை புண்ணானது, வேலை போனது. வேலை போனதும் வாடகை நின்றது, வாடகை நின்றதும் வீடு போனது. போகாமல் மிஞ்சினது பெண்டாட்டியின் வாய் ஒன்றுதான் என்று அவரே சொல்லிச் சிரித்ததையும் பெரியவர் கேட்டிருக்கிறார்.

நேராக அவர்களிடம் பேசியது கிடையாது. பேசினால் ஒட்டிக்கொள்வார்கள் என்பது அவர் எண்ணம். சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கி, மறுபடி ஏற்றி, சத்தம் போட்டு இறக்குவார். கடை அடைத்தாயிற்று, வரலாம் என்று அர்த்தம். அப்படியே கழிவு ஸ்பாஞ்சையும் "சே, குப்பை" என்று திட்டிக்கொண்டே படியில் வீசுவார். குப்பை எப்படி ஆளுயரத்துக்கு, அதுவும் சரியாக இரண்டாக இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது படி பெருக்கியிருக்கும், இருவரும் போயிருப்பார்கள்.

எதிர்க்கடை மருந்துக்காரருக்குத்தான் இது பிடிக்கவில்லை. "பாவம்தான் அண்ணே, நான் இல்லேங்கல. ஆனா வேற எங்கயாவது போய்ப் பாவமா இருக்கட்டுமே" என்பார். படியில் இரும்புக் குமிழ் பதித்துவிடலாம், யாரும் படுக்க முடியாது என்று யோசனையும் சொன்னார்.

"என் படியில நான் எங்க கால் வைக்கிறது? உன் தலையிலயா?" என்று கேட்டுவிட்டார் பெரியவர்.

அதற்குப் பிறகு மருந்துக்காரர் போனை எடுத்தார்.

ஒரு சாயங்காலம், விளக்குப் போடுகிற நேரத்தில், நகராட்சி வேன் வந்து நின்றது. கழுத்தில் அட்டை தொங்க ஒரு இளம் அதிகாரி இறங்கினாள். நல்ல பெண்தான், முகத்தில் களைப்பு இருந்ததே தவிரக் கடுப்பு இல்லை. கோட்டுக்காரரின் மனைவிக்குப் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்து பேசினாள்.

"அம்மா, தங்குமிடத்துல கட்டில் இருக்கு, குளிக்கச் சுடுதண்ணி இருக்கு. ஐயாவுக்கு ஸ்டேஷன் பக்கம் இருக்கிற இடம். உங்களுக்கு ஆத்துக்கு அந்தாண்ட."

"ரெண்டு பேருக்கும் ஒரே இடம் இல்லியா?"

"ஆம்பளைங்க தனி, பொம்பளைங்க தனிம்மா. ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

"ராத்திரி இவருக்குக் கால் நரம்பு இழுக்கும். யாரு பிடிச்சு விடுவா?"

"அங்க ஆளுங்க இருக்காங்கம்மா."

கோட்டுக்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "ஆளு கால் பிடிப்பான், சரி. யாரு திட்டுவா? இவ திட்டாம எனக்குத் தூக்கம் வராது, பொண்ணு."

அவர் சிரிக்கத்தான் பார்த்தார். ஆனால் கை போய் மனைவியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஷட்டர் கொக்கியைக் கையில் வைத்தபடி பெரியவர் அதைப் பார்த்துவிட்டார்.

மருந்துக்காரர் தெருவைத் தாண்டி வந்தார். "யாருமே இல்லாத ஜனங்க மேடம். எங்களுக்கும் தொல்லை. அண்ணனையே கேளுங்க, அவருக்குத்தான் ரொம்பத் தொல்லை."

தன் மனசில் இருப்பதை இன்னொருத்தன் சொன்னால் பெரியவருக்கு ஆகாது. அது சரியாகவே இருந்தாலும் ஆகாது.

"யாரும் இல்லேன்னு யாருய்யா உனக்குச் சொன்னது?" என்றார். "அது என் மச்சான்."

கோட்டுக்காரர் கோட்டுக்குள் இன்னும் கொஞ்சம் சுருங்கினார்.

"உங்க மச்சானா தாத்தா?" என்றாள் அதிகாரி.

"நான் உனக்கு எப்போ தாத்தா ஆனேன்? ஆமா, மச்சான்தான்."

"உறவு இருந்தா நாங்க கைவைக்க மாட்டோம். ஆனா உள்ள கூட்டிட்டுப் போங்க. நாளைக்குக் காலையில வந்து பாப்பேன். பொய்யா இருந்தா ஏத்திட்டுப் போயிருவேன், அவரு ஒரு பக்கம், அவங்க ஒரு பக்கம். அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

வேன் போனது. வாயில் வந்த முதல் வார்த்தையைப் பெரியவர் வீசியிருந்தார். சிநேகிதன் என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. மச்சான் என்றால் அவன் பெண்டாட்டி இவருக்குத் தங்கச்சி ஆகிவிடுகிறாள் என்பது மாடிப்படியில் ஏறும்போதுதான் உறைத்தது.

மேலே பெண்டாட்டி இடுப்பில் கை வைத்து நின்றாள். சேதி அவருக்கு முன்னால் ஏறியிருந்தது.

"உங்களுக்குத் தங்கச்சி எப்பப் பொறந்தா?"

"இன்னிக்குத்தான்."

"ஒத்தைப் பிள்ளை, நாத்தனார் தொல்லை இல்லாத வீடுன்னு சொல்லித்தானே எங்கப்பா என்னைத் தள்ளிவிட்டாரு! பல்லெல்லாம் ஆடற வயசுல எனக்கு நாத்தனாரா?"

"ஒரு நாள்தான். பஞ்சு ரூம்ல."

"நாத்தனார் ஒரு நாள்ல போனதா எந்த ஊர்லயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று அவள் முணுமுணுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே போர்வையை உதறி எடுத்தாள்.

வேடிக்கை அதற்கப்புறம்தான். யாரும் இல்லாதவர்கள் படியில் படுத்தபோது தொல்லை என்றிருந்த தெரு, அது ஒருத்தரின் தங்கச்சி என்றதும் கொதித்துப் போனது. கண்ணாடிக்கடைக்காரர் வந்து, "கூடப் பிறந்தவளைக் குளிர்ல போட்டிருந்தீங்களே, உங்களுக்கு மனசா கல்லா?" என்று கேட்டார். தையற்காரம்மா இரண்டு ரவிக்கை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பெரியவரிடம் மட்டும் பேசாமல் போனாள். மருந்துக்காரர் வலித் தைலத்தோடு வந்து, "மச்சானுக்குத் தேய்ச்சு விடுங்க. சொல்லியிருந்தா நான் போனே பண்ணியிருக்க மாட்டேனே அண்ணே" என்றார்.

"ஏன்?"

"உங்க ஆளுன்னு தெரியாதே!"

பெரியவர் தைலத்தின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார், தேதி முடிந்த சரக்கோ என்று.

அன்றிரவு கீழேயிருந்து சண்டை கேட்கவில்லை. பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே இருவரும் மூச்சுவிடப் பயந்தவர்கள் மாதிரி கிடந்தார்கள். காலையில் அந்தப் பெண் வந்து ஒரு கேள்வி குறுக்கே கேட்டால் போதும், குட்டு உடையும். அப்புறம் இவர்கள் ஒருவரை ஒருவர் ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்பார்கள். பொய்யில் பெரியவர் கெட்டிக்காரர் இல்லை. அடுத்தவர் பொய்யைப் பிடிப்பதிலேயே ஆயுள் போய்விட்டது.

அதிகாரி சொன்னபடி வந்தாள். பெரியவர் நூலை ஊசியில் கோப்பதற்குப் பதிலாக விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி உங்களுக்கு எத்தனை வயசு சின்னவங்க?"

அவர் வாயைத் திறந்தார்.

அதற்குள் மாடியிலிருந்து சத்தம் இறங்கியது.

"டீயில சர்க்கரை கம்மியா இருக்குதே அண்ணின்னு சொன்னது ஒரு குத்தமா?" கோட்டுக்காரர் மனைவியின் குரல்.

"வந்து ஒரு ராத்திரி ஆகல, என் அடுப்புல வந்து குத்தம் சொல்றியா? உங்கண்ணன் இத்தனை வருஷமா வாயை மூடிக்கிட்டுக் குடிக்கிறாரு!"

"அண்ணன் குடிப்பாரு. அவருக்கு நாக்கு செத்துப் போச்சு. சமைக்கறவங்க அப்படி!"

"அடியே! எங்கப்பா உயிரோட இருந்திருந்தா இந்தக் குடும்பத்துல என்னைக் கொடுத்திருப்பாரா?"

"கொடுத்துட்டுத்தானே அண்ணி செத்தாரு!"

பிறகு இரண்டு பொம்பிளைகளும் ஒரே சமயத்தில் சிரிக்கிற சத்தம். ஒரு தட்டு விழுந்தது. மறுபடியும் சண்டை ஆரம்பித்தது. நடுவில் கோட்டுக்காரர் "ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்று கெஞ்சினார். இருவரும் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தார்கள்.

அதிகாரி மாடிப்படியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எங்கள் வீட்டிலும் இதேதான் என்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"வயசு தேவையில்ல. நாத்தனார்தான்" என்றாள்.

அவள் நம்பினாளா, நம்பினதாகக் காட்டிக்கொண்டாளா என்பது பெரியவருக்குப் பிடிபடவில்லை. அவள் முகத்தை, பஞ்சு மூட்டையில் கையை விடுகிற மாதிரி, அடிவரைக்கும் துழாவிப் பார்த்தார். உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. அவ்வளவுதான் கிடைத்தது.

மருந்துக்காரர் ஓடிவந்தார். "எங்க தெருவே ஒரே குடும்பம் மாதிரி மேடம். ஒருத்தரை ஒருத்தர் விட்டுக் கொடுக்க மாட்டோம்."

வேனுக்குள் ஏற்கெனவே ஒருவன் உட்கார்ந்திருந்தான். செருப்புக்கடை வாசலில் படுக்கிற தாடிக்காரன். பெரியவர் போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

"உனக்குப் போக இஷ்டமா?"

"கட்டில் தரேங்கறாங்க. போய்த்தான் பாப்பமே."

"மெத்தை இருக்கா?"

"இருக்காம்."

"பஞ்சா, வெறும் நாரா? அமுக்கிப் பாத்தியா?"

"இன்னும் போகவே இல்லியே பெரியவரே!"

"நல்ல மெத்தைதான் தாத்தா. சந்தேகமா இருந்தா ஒரு நாள் நீங்களே வந்து படுத்துப் பாருங்க" என்றாள் அதிகாரி.

பெரியவர் மருந்துக்காரரிடம் திரும்பினார். "இவன் யாருக்கு மச்சான்?"

"இவனா?" மருந்துக்காரர் சிரித்தார். "இவனுக்கு யாரு அண்ணே இருக்கா?"

"இப்பத்தானே தெருவே ஒரே குடும்பம்னே?"

மருந்துக்காரர் கடையில் ஆள் நிற்பதாகச் சொல்லி நழுவினார். வேன் புறப்பட்டது. தாடிக்காரன் உள்ளேயிருந்து கையாட்டினான். அதிகாரியும் ஆட்டினாள். தெருவிலும் நான்கைந்து பேர் ஏதோ நல்ல காரியம் முடிந்த மாதிரி ஆட்டினார்கள்.

பெரியவர் ஆட்டவில்லை. "மெத்தையாம், சுடுதண்ணியாம்! பாத்தவன் எவன்?" என்று வேனின் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சண்டை நடக்கிற வீட்டை நோக்கி நடந்தார்.