விரதக்காரி தின்ற கொய்யாப்பழம்

உரும்பிராயில் விரதத்துக்கு ஒரு போட்டி வைத்தால் பாலேஸ்வரிக்குப் பக்கத்தில்கூட ஒருவரும் நிற்க முடியாது. கந்தசஷ்டி ஆறு நாளும் அவளுக்கு மூன்று மிளகும் ஒரு செம்பு தண்ணீரும்தான் ஆகாரம். கல்யாணம் முடித்த முப்பத்தொரு வருடத்தில் இதில் ஒரு பிசகு இல்லை. பாலும் பழமும் சாப்பிட்டு விரதம் பிடிக்கிற அயலட்டைச் சனத்தைக் கண்டால் அவளுக்கு நக்கல் பொத்துக்கொண்டு வரும். "உதுக்குப் பேர் விரதமோ? உது சாப்பாட்டை மாத்திச் சாப்பிடுறதெல்லோ" என்பாள்.

புருஷன் முருகேசர் இதற்கு நேர் எதிர். வெங்காயத் தோட்டக்காரர், நல்ல சாப்பாட்டு ராமன். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டுக்கே முகத்தைத் தொங்கப்போடுகிற ஆள். கந்தசஷ்டி மூன்றாம் நாளே கோப்பாய்ப் பக்கம் உரம் வாங்கப் போகிறேன் என்று கிளம்பிப் போய் இரண்டு ரோல்ஸை அமுக்கிவிட்டு வருவார். படலைக்குள் கால் வைக்கும்போதே அவள் கேட்பாள், "மீன் ரோல்ஸோ, இறைச்சி ரோல்ஸோ?"

இப்படிப்பட்ட பாலேஸ்வரிக்குத்தான் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கிற சோதனைக்கு ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுத்தார்கள். மலத்தோடு இரத்தம் போகிறதை இரண்டு மாதமாக மூடி மறைத்திருக்கிறாள் மகராசி. வட்டுக்கோட்டையில் கல்யாணம் முடித்திருக்கிற மகள் தாரிகா வந்து நின்ற நேரம் கண்டுபிடித்து, கையோடு டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பாலேஸ்வரியின் தங்கச்சி நாகேஸ்வரிக்கும் முதலில் இப்படித்தான் இரத்தம் போனது. அவள் செத்து இரண்டு வருடம். வீட்டில் ஒருவரும் அதை வாய்திறந்து சொல்லவில்லை. முருகேசர் மட்டும் சோதனைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரலை மடித்து எண்ணிக்கொண்டு திரிந்தார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைத் தாரிகா போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். அதைப் பார்த்துப் பார்த்து வட்டுக்கோட்டையிலிருந்து பாடம் நடத்தினாள்.

"அம்மா, வடிவாய்க் கேளுங்கோ. மூண்டு நாளைக்கு முதலே கீரை, பயறு, பழம், விதையுள்ள சாமான் ஒண்டும் வேண்டாம். சிவப்பரிசியும் வேண்டாம், வெள்ளைச் சோறு கொஞ்சம். முதல் நாள் விடிஞ்சதிலையிருந்து தெளிஞ்ச தண்ணிச் சாமான் மட்டும். இளநி, பால் விடாத பிளேன்ரீ, வடிச்ச தேசிக்காய்த் தண்ணி. பால் கூடாது. சிவப்புச் சர்பத்தும் கூடாது, உள்ளுக்கை இரத்தம் மாதிரித் தெரியுமாம்."

"ஆருக்கடி விரதம் சொல்லித் தாறாய்?"

"இது விரதமில்லையம்மா!"

"சாப்பிடாமல் இருந்தால் எல்லாம் விரதம்தான். வை போனை."

முதல் நாள் பின்னேரம் நாலு மணிக்கு மருந்துத் தண்ணீர் தொடங்கியது. பவுடரைக் கரைத்து, கால் மணித்தியாலத்துக்கு ஒரு கிளாஸ் குடிக்க வேண்டும். முருகேசர் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார். கடல் தண்ணீரில் யாரோ தோடம்பழம் கழுவினது போலிருந்தது. அவள் முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள். ஒரு கிளாஸ், ஒன்றுமில்லை. இரண்டாவது, அதுவும் ஒன்றுமில்லை.

"உன்ரை வயிறும் உனக்குப் பயம்போலை கிடக்கு" என்று முருகேசர் பகிடி விட்டார்.

மூன்றாவது கிளாஸை வைத்துவிட்டு அவள் எழும்பினாள் பாருங்கள்! தேர் பார்க்கக்கூட ஆறுதலாக, அசைந்து அசைந்து நடந்துபோகிறவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். கக்கூஸ் வளவின் அந்தத் தொங்கலில், கிணற்றடிக்கு அங்கால் இருந்தது. முருகேசர் வழியில் நின்ற ஆட்டை அவிழ்த்து மற்றப் பக்கம் கட்டினார். வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளிக் கொண்டுபோய் வைத்தார். பிறகு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்று, "இஞ்சேரப்பா, மஞ்சள் தண்ணி மாதிரித் தெளிவாய்ப் போகுதோ எண்டு பாக்கட்டாம்" என்று கத்தினார்.

"ஊருக்குக் கேக்கக் கதையாதேங்கோ!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஜெனிற்றா என்ற நேர்ஸ் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். குருநகர்ப் பிள்ளை, கலகலவென்று கதைக்கிறவள். "இடது பக்கம் சரிஞ்சு படுக்க வேணும் அம்மா. ஊசி போட்டால் நித்திரை தூங்கிற மாதிரி இருக்கும். பெரிசாய் நோகாது" என்று சொல்லிக்கொண்டே போனாள். பத்து நிமிடத்தில் டொக்டர் வெளியே வந்துவிட்டார்.

"ஐயா, பாக்கேலாமல் கிடக்கு. உள்ளுக்கை முழுக்கக் கொய்யாப்பழ விதை. குழாயையே அடைச்சுப் போட்டுது."

ஜெனிற்றா சிரித்துவிட்டாள். "விரதக்கார ஆக்கள் கனபேர் உப்பிடித்தான் டொக்டர். சாப்பிடாதேங்கோ எண்டால் சோத்தை மட்டும் விட்டிட்டு வருவினம். போன கிழமையும் ஒரு ஐயா பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டிட்டு, ஒண்டும் சாப்பிடேல்லை எண்டு சத்தியம் பண்ணினவர்."

வெளியே தள்ளிக்கொண்டு வந்த கட்டிலில் கிடந்த பாலேஸ்வரி அரை நித்திரையில், "ஓம் பிள்ளை. பாலும் பழமும் விரதத்தோடை சேர்த்திதானே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். முருகேசரும் சிரித்தார். இரண்டு கிழமை தள்ளி வேறு நாள் கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கால் கழுவும்போதுதான் அவருக்குச் சிரிப்பு நின்றது. கொய்யாமரத்தில் நல்லதொரு பழத்தை வௌவால் தொடாமல் சீலைத்துண்டால் கட்டி, தனக்கென்று வைத்திருந்தார். நேற்றுக் காலையில் அதைக் காணவில்லை. அரை மணித்தியாலம் மரத்துக்குக் கீழே நின்று வௌவாலின் பரம்பரையையே திட்டித் தீர்த்திருந்தார். இப்போது பார்த்தால் அந்தச் சீலைத்துண்டு தோய்த்து, நாலாக மடித்து, கொடியில் கிடக்கிறது. எந்த வௌவாலப்பா துணி தோய்த்து மடிக்கும்?

அதோடு விட்டதா? பாலும் பழமும் விரதத்தோடு சேர்த்தியாம்! யார் சொல்கிறது? முப்பத்தொரு வருடமாக அதைச் சொல்லியே ஊரை நக்கலடித்தவள் சொல்கிறாள். ஆஸ்பத்திரிக்காரர் நம்பலாம். முருகேசர் எப்படி நம்புவது? விசரன் மாதிரித் தானும் சேர்ந்து சிரித்ததை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. அவர் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார்.

அடுத்த நாள் காலை அவள் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முருகேசர் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் இருந்தார்.

"பாலேசு, நீ தெரியாமல் சாப்பிடேல்லை."

"மறந்துபோய்ச் சாப்பிட்டிட்டன்."

"நீயோ? விரதத்தை மறந்தோ?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "பாத்தால்தானே சொல்லுவினம்" என்றாள். "நாகேசு நல்லாய்த்தானே திரிஞ்சவள். உள்ளுக்கை விட்டுப் பாத்தினம், இருக்கெண்டு சொல்லிச்சினம், மூண்டாம் மாதம் அவளைத் தூக்கிக்கொண்டு போனம். பாக்காமல் விட்டிருந்தால் கொஞ்ச நாள் நிம்மதியாய் இருந்திருப்பாளெல்லோ. எனக்கும் அந்தக் கொஞ்ச நாள் போதும்."

முருகேசர் பலகையை இன்னும் கிட்ட இழுத்தார். பகிடி விடுவதைத் தவிர வேறு பேச்சில் அவர் கெட்டிக்காரர் இல்லை.

"பாத்ததாலை அவள் சாகேல்லையடி. பிந்திப் பாத்ததாலை செத்தவள். ஒரு வருசம் மூடி வைச்சிருந்தவள், உன்னை மாதிரி." அவர் ஒரு வெங்காயத்தை எடுத்துக் கைக்குள் உருட்டினார். "எனக்கும் பயம்தான். நீ ஓடித் திரிய நான் பகிடி விட்டதும் பயத்திலைதான். நீ இல்லாமல் எனக்கு இருக்கத் தெரியாது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெங்காயம் உரித்த கண்ணா, அழுத கண்ணா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அடுத்த முறை நானும் சாப்பிடமாட்டன். நீ குடிக்கிறதைத்தான் நானும் குடிப்பன்" என்றார் முருகேசர்.

"பவுடரையுமோ?"

"அதை விடு. வீட்டிலை ஒரு கக்கூஸ்தானே கிடக்கு."

பாலேஸ்வரி சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் அழுதாள்.

சொன்னபடி முருகேசர் பட்டினி கிடந்தார். அதைக் கிடந்தார் என்று சொல்வதைவிட உருண்டார் என்று சொல்லலாம். பத்து மணிக்கே மூன்றாவது இளநியைச் சீவினார். பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டில் மீன் பொரித்தார்கள். மனிதத்தன்மை இல்லாத சனம் என்று வேலியைப் பார்த்துப் புறுபுறுத்தார். இரண்டு மணிக்கு, "இளநிக்குள்ளை கிடக்கிற வழுக்கையைச் சாப்பிடலாமோ?" என்று கேட்டார்.

"கூடாது. தண்ணியைக் குடிச்சிட்டுப் பேசாமல் படுங்கோ" என்றாள் அவள். அவரை மேய்க்கிற வேலையில் தன் பயத்தை நினைக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. செய்தி கேட்ட தாரிகா போனில், "அப்பா பட்டினியோ? முதல்லை அவரை ஆஸ்பத்திரியிலை காட்டுங்கோ!" என்றாள். நாலு மணிக்குப் பாலேஸ்வரி மருந்துத் தண்ணீரை எடுத்து மடக்கு மடக்கென்று குடித்தாள். கொய்யாமரத்துப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி வாங்கில் முருகேசர் குந்தியிருந்தார். பத்து நிமிடம் போனது, ஒருவரும் வெளியே வரவில்லை. இருபது போனது. அரை மணித்தியாலமும் ஆனது. இந்த முறை உள்ளே வடிவாகப் பார்க்கிறார்கள் என்று அவருக்கு விளங்கியது. அது விளங்கின பிறகு பசி எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. "முருகா, முருகா" என்று வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது.

டொக்டர் வந்தார். "நல்ல சுத்தம் ஐயா, எல்லா இடமும் பாத்தாச்சு. ரெண்டு சின்னச் சதை வளந்திருந்தது. ரெண்டையும் வெட்டி எடுத்திட்டம். சோதிக்க அனுப்புறம். ஆனால் பயப்பிடுற மாதிரி ஒண்டையும் நான் காணேல்லை. அஞ்சாறு வருசம் விட்டிருந்தால் கதை வேறை."

முருகேசர் டொக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். விட மறந்துபோனார்.

உள்ளே ஜெனிற்றா பாலேஸ்வரிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். "காத்தடிச்சுத்தான் பாத்தது அம்மா, வயிறு ஊதிக் கிடக்கும். வெக்கப்படாமல் விடுங்கோ. இஞ்சை எல்லாரும் விடுறவைதான்." பாலேஸ்வரி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள்.

முருகேசர் கட்டிலோரம் குனிந்து டொக்டர் சொன்னதைச் சொன்னார். அவள் திரும்பவும் சொல்லச் சொன்னாள். மூன்றாம் முறையும் சொன்னார்.

"எடுத்தாச்சோ?"

"எடுத்தாச்சு."

"நாகேசுவையும் இப்பிடி முதல்லையே ஆரும் கூட்டிக்கொண்டு வந்திருந்தால்…" கண்ணீர் தலையணையில் இறங்கியது. முருகேசர் அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, எனக்குப் பசிக்குது."

முப்பத்தொரு வருடத்தில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்ன வேணும், சொல்லு."

"என்னவெண்டாலும் வாங்கி வாங்கோ" என்றாள். "கெதியாய் ஓடிப்போய் வாங்கோ."