நூற்று நாற்பது மில்லிசெகண்ட்

வீட்டில் அக்காவுக்கு நீதிபதி என்று பெயர். தீர்ப்புச் சொல்லிவிட்டால் மேல்முறையீடு கிடையாது. அன்றைக்கும் தங்கள் ஒலிப்பதிவு அறையில் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"மறுபடியும் லேட்டுடி. உனக்குத் தாளம் நிக்கல. சாயங்காலத்துக்குள்ள விளம்பரப் பாட்டு போயாகணும். நான் வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன்."

தங்கைக்குச் சுருக்கென்றது. ஏழு வயதிலிருந்து பாடுகிறவள். தாளம் தப்பினால் முதலில் அவளுக்குத்தான் தெரியும். இன்று தப்பவில்லை. கணினித் திரையில் மட்டும் அவள் குரலின் அலை அக்காவின் அலைக்குச் சற்றுப் பின்னால் நின்றது. ஐந்து தடவை பாடியாயிற்று. ஐந்து தடவையும் அதே இடைவெளி. தடுமாறுகிறவள் அளவெடுத்த மாதிரியா தடுமாறுவாள்?

அக்காவின் முறையே தனி. அவள் குரல்தான் முதலில், துணைக்கு எதுவும் ஒலிக்காமல் பதிவாகும். மற்றவர்கள் அதை ஹெட்போனில் கேட்டபடி சேர்ந்து பாட வேண்டும். பிசகினால் அலையை நகர்த்திச் சரிசெய்யவும் விடமாட்டாள். "ஒட்டுப்போட நாம என்ன தையல்காரங்களா?" என்பாள்.

இதே தீர்ப்பில்தான் போன வருடம் அண்ணியும் பாட்டிலிருந்து வெளியே போனார்; இன்றுவரை அக்கா மட்டுமே தனியாகப் பாடிப் பதிவுசெய்துவந்தாள். அதன்பிறகு அண்ணி பாத்திரம் கழுவும்போதுகூட ஒரு வரி முணுமுணுத்ததில்லை. அது நினைவுக்கு வந்ததும் தங்கைக்கு அழுகை போய்விட்டது. இதை விடுவதாக இல்லை.

"பத்து நிமிஷம் குடுக்கா. இப்ப நான் பாடப் போறதில்ல. நீதான் பாடப் போற."

"என்ன உளர்ற?"

தங்கை ஹெட்போனை வாங்கி மைக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பதிவுப் பொத்தானைத் தட்டினாள். ஹெட்போனில் ஒலித்த அக்காவின் குரல் மைக்குக்குள் போய்ப் புதிதாகப் பதிவாயிற்று. இரண்டையும் சேர்த்து ஓடவிட்டாள். அறைக்குள் இரண்டு அக்காக்கள் பாடினார்கள். இரண்டாமவள் முதலாமவளுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"என்ன நீதிபதியம்மா, உங்களுக்கே தாளம் நிக்கலையே?"

அக்கா நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டாள்.

தங்கை அமைப்புகளைத் திறந்தாள். ஒலி கேட்கும் சாதனம் சரி, பதிவாகும் சாதனமும் சரி. அதற்குக் கீழே, கணினி குரலைப் பதிவுசெய்யும்போது நேரும் தாமதத்தை ஈடுகட்டும் கட்டத்தில் பூஜ்யம் உட்கார்ந்திருந்தது. பழைய கணினியில் அண்ணன் போட்டுவைத்த எண்ணைப் புதியதில் யாரும் போடவில்லை. முதல் குரலுக்கு அது தேவையும் இல்லை. அக்கா கண்ணில் எப்படிப் படும்? தங்கை இடைவெளியை அளந்தாள். நூற்று நாற்பது மில்லிசெகண்ட். கழித்தல் குறியோடு அந்த எண்ணைப் போட்டுவிட்டு மைக் முன்னால் நிமிர்ந்து நின்றாள். ஒரே தடவைதான் பாடினாள். இரண்டு அலைகளும் அச்சுப் பிசகாமல் பொருந்தின.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்தக் கம்ப்யூட்டர் எப்ப வாங்கினோம்?"

"அண்ணியை நீ நிறுத்தினியே, அதுக்கு முந்தின வாரம்."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவள் அக்கா, தள்ளிப்போடவில்லை. வீட்டிலிருந்த அண்ணிக்குப் போன் போட்டு, தங்கைக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, போன வருஷம் நீங்க தாளம் விடவே இல்ல. மெஷின்ல தப்பு. அதைப் பாக்காம உங்களைச் சொன்னது என் தப்பு."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"எந்த சுருதியில எடுத்திருக்கீங்க?" என்றார் அண்ணி.