சாம்பிராணி போட்ட தலை

1
இந்தக் கதை ஒரு வாசனையிலிருந்து எனக்குக் கிடைத்தது. தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பச்சைக் கவுன் போட்ட குழந்தை ஒன்றின் தலையிலிருந்து சாம்பிராணி மணம் வந்தது. இனிமையாக ஏதாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

2
ஷர்மிளா டாக்டரிடம் பொய் சொன்னாள், அதனால்தான்...

வேண்டாம். இப்படித் தொடங்கினால் இப்போதே அவளைக் கூண்டில் ஏற்றிவிடுவீர்கள்.

ஷர்மிளா செம்பாக்கத்தில் மீன் விற்கிறவள். மகள் சக்திக்கு ஐந்து வயது. டான்சில் வீங்கித் தொண்டையை அடைத்துக்கொண்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. நிற்கும்போதெல்லாம் ஷர்மிளா பதறி எழுந்து குழந்தையை உலுக்குவாள். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும். ஆனால் தேதி கொடுத்த போதெல்லாம் சக்திக்குச் சளி. "சளியோட மயக்க மருந்து குடுக்க முடியாது, போயிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். டான்சில் போனால்தான் சளி போகும். சளி போனால்தான் டான்சிலை எடுப்பார்கள். நல்ல நியாயம்!

3
போன தடவை குழந்தையைத் தூக்கிய நர்ஸ், "ஐயே, மீன் கவிச்சி" என்று மூக்கைச் சுளித்தாள். (அந்த நர்ஸுக்குப் பெயர் வைக்க எனக்கு மனசில்லை.)

அதனால் இந்தத் தடவை ஷர்மிளா காலையிலேயே சக்திக்குத் தலைக்கு ஊற்றி, கதவைச் சாத்தி, சாம்பிராணி போட்டாள். "நல்லா இழுத்துக்கோடி கண்ணு. சளியும் போவும், கவிச்சியும் போவும்."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: சளி பிடித்த மூச்சுக்குழலே எரிச்சலில் இருக்கும். அதில் புகையும் சேர்ந்தால், மயக்க வாயு பட்டதும் தொண்டை இறுகிப் பூட்டிக்கொள்ளலாம். இதை ஷர்மிளாவிடம் யாரும் சொல்லவில்லை.)

4
மயக்க மருந்து டாக்டர் ஷ்யாம்சுந்தர் கேட்டார்: "சளி, இருமல் ஏதாவது இருக்காம்மா?"

"அதெல்லாம் இல்ல சார். நல்லா கீது." அவர் திரும்புவதற்குள் சக்தியின் மூக்கை முந்தானையால் துடைத்தாள்.

உள்ளே மயக்க வாயு முகமூடியை வைத்தார்கள். தொண்டை பூட்டிக்கொண்டது. குழந்தைக்கு நீலம் பாரித்தது. சக்தி செத்து...

அந்த வரியை அடித்துவிட்டேன். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஊசி போட்டு, ஆக்சிஜனை அழுத்தி, மீட்டுவிட்டார்கள். ஆபரேஷன் நடக்கவில்லை.

5
வெளியே வந்த டாக்டருக்கு வேர்த்துக் கொட்டியது. "ஏம்மா மறைச்சீங்க? சொல்லியிருந்தா நான் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன். லேசான சளிதான். மூச்சுக்குழல் விரியற மருந்தை முன்னாடியே இழுக்க வெச்சு, மயக்கத்தை ஊசியிலயே குடுத்திருப்பேன்."

"நீங்க அனுப்ப மாட்டீங்க சார். முன்னால இருந்தவரு அனுப்புனாரே! இன்னிக்கி யாரு வருவாங்கன்னு எனக்கு எப்டி சார் தெரியும்?"

"சரி, தலையில சாம்பிராணி வாசம் அடிக்குதே, அந்தப் புகை எதுக்கு?"

ஷர்மிளா அவர் பின்னால் நின்ற அதே நர்ஸைப் பார்த்தாள். "கவிச்சி அடிக்கக் கூடாதுன்னு சார்."

டாக்டருக்கு ஒரு பதில் எழுதித்தர எனக்கு வக்கில்லை.

6
முடிவு ஒன்று: நர்ஸ் அழுகிறாள். பொய்.

முடிவு இரண்டு: ஆஸ்பத்திரி மன்னிப்புக் கேட்கிறது. அதைவிடப் பெரிய பொய்.

மிச்சம் இருப்பது இதுதான். புதுத் தேதி வந்துவிட்டது. இந்தத் தடவை சாம்பிராணி இல்லை. சக்திக்கு மறுபடி மூக்கு ஒழுகுகிறது. தியேட்டர் வாசலில் ஒரு டாக்டர் நிற்கிறார். பாதி முகத்தை மாஸ்க் மூடியிருக்கிறது. ஷ்யாம்சுந்தரா, திருப்பி அனுப்பியவரா? எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அவளுக்கும் யாரும் சொல்லவில்லை.

"குழந்தைக்குச் சளி இருக்காம்மா?"

ஷர்மிளா உங்களைப் பார்க்கிறாள். சொல்லுங்கள். இருக்கா, இல்லையா?