மேல்பக்கம் வெட்டிய படம்

மதியம் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அந்தப் பதிவு வந்து விழுந்தது.

"ஐயோ யாராவது காப்பாத்துங்க!!! கடையை மூடப்போறாங்க!!! நாலு மணி வரைக்கும்தான் டைம்!!!"

அவ்வளவுதான். என்ன கடை, என்ன பொருள், எதற்காக மூடுகிறார்கள், ஒரு விவரமும் இல்லை. போட்டவரின் பெயர் 'புதுஊசி'. மன்றத்தில் சேர்ந்து இரண்டே நாள்.

மூணாமாடி அக்கா பெருமூச்சு விட்டாள். ஆன்லைனில் பொருள் விற்கிறவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ளும் மன்றம் அது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து பார்சல் மூட்டையை முதுகில் சுமந்து இறக்கிய கதையை ஒருமுறை அங்கே எழுதப்போக, அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பும் அவளுடையதுதான். சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

"என்னங்க, இன்னொண்ணு வந்திருக்கு."

பஸ் ஓட்டுநரான அவள் கணவருக்கு இன்று வார விடுமுறை. கால் நீட்டித் தரையில் உட்கார்ந்து, பார்சலில் சுற்றப் பழைய செய்தித்தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் ஒரு மூக்கு இருந்தது. சுட்ட களிமண்ணில் செய்து, சாயம் பூசிய பெரிய மூக்கு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் மாட்டி வைக்கலாம். பூந்தொட்டி செய்யும் சூளையில் சொல்லிச் செய்து வாங்கி, இவள் விற்கிறாள். சக்கைப்போடு போடுகிறது. ஆனால் அவள் மூக்கு விற்கிறாள் என்பது மன்றத்தில் ஓர் ஈ, காக்கைக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் மறுநாளே நாலு பேர் மூக்கோடு கிளம்பிவிடுவார்கள்.

"எத்தனை ஆச்சரியக்குறி?" என்று கேட்டார் கணவர்.

"ஒன்பது."

"அப்போ நிஜமாவே கஷ்டம்தான்."

அதற்குள் டப்பா சார் வந்துவிட்டார். அட்டைப்பெட்டி வியாபாரி. மன்றத்தில் அவர் வாய்க்குத் தப்பியவர் கிடையாது.

"எந்தக் கடைம்மா? மளிகைக் கடையா, மருந்துக் கடையா? ஜோசியம் பார்த்தா பதில் சொல்றது?"

அதன் கீழே பதினோரு பேர் சிரித்து வைத்திருந்தார்கள். போன மாதம் இப்படித்தான் ஒருவர் அலறிக்கொண்டு வந்தார். எல்லோரும் கேலி செய்து முடித்தபோது அவர் கடையும் முடிந்துபோயிருந்தது.

அவள் வேகமாகத் தட்டினாள். "புதுஊசி, பதறாதீங்க. நான் மேல நிலையா ஒட்டி வச்சிருக்கிற குறிப்பைப் பாருங்க. நாலே விஷயம். வந்த நோட்டீஸை அப்படியே படம் எடுத்துப் போடுங்க. இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க, எத்தனை மணிக்குள்ள பதில் வேணும், எங்ககிட்ட என்ன எதிர்பார்க்கிறீங்க, இதைச் சொல்லுங்க. நான் இங்கேயே இருக்கேன்."

மூன்று பத்தொன்பதுக்குப் படம் வந்தது. கடை போட இடம் தரும் ஆன்லைன் தளம் அனுப்பிய நோட்டீஸ்.

'பரிசோதனைச் சான்றிதழை இன்று மாலை நான்கு மணிக்குள் இணைக்கவும். ஒரு பதில் மட்டுமே ஏற்கப்படும். தவறினால் கடை நிரந்தரமாக மூடப்படும்.'

கீழே புதுஊசி எழுதியிருந்தாள். "நானும் என் அண்ணியும் தையல் கம்பெனி வேலையை விட்டுட்டு இதுல இறங்கினோம். எங்ககிட்ட எந்த சர்டிபிகேட்டும் இல்லக்கா. இதுவரைக்கும் அழுதோம். வேற ஒண்ணும் செய்யல."

அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நோட்டீஸின் மேல்பக்கம் இல்லை. கத்தரித்து எறிந்தாற்போல, இரண்டாவது வரியிலிருந்துதான் ஆரம்பித்தது.

"மேல வெட்டியிருக்கீங்களே, அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா. பொருளோட பேருதான்."

"அதைத்தான் கேக்கறேன். என்ன பொருள்?"

புதுஊசி எழுதி எழுதி அழிப்பது தெரிந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

"வீட்டுச் சாமான்."

"வீட்டுச் சாமான்னா? விளக்குமாறும் வீட்டுச் சாமான், பீரோவும் வீட்டுச் சாமான்!" என்று டப்பா சார் குறுக்கே பாய்ந்தார்.

"அதைச் சொல்ல மாட்டேன். இங்க அத்தனை பேரும் வியாபாரிங்க. எங்க ஐடியாவைத் தூக்கிட்டுப் போயிடுவீங்க."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். மணி மூன்று இருபத்தேழு. பொருள் என்னவென்று தெரியாமல் எந்தச் சான்றிதழ், எதற்காகக் கேட்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? தனியாகப் பேசி வாங்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. புதியவர்களைத் தனிச்செய்தியில் பிடித்து மொட்டை அடித்தவர்கள் ஏராளம். அதனால் வழிகாட்டிகள் எதையும் எல்லோர் கண்முன்னேதான் பேச வேண்டும் என்பது மன்றத்தின் கறாரான சட்டம். அந்தச் சட்டத்தைப் போராடிக் கொண்டுவந்தவளே அவள்தான்.

மூன்று முப்பத்தொன்றுக்குப் புதுஊசியிடமிருந்து அடுத்த வரி வந்தது.

"பரவாயில்லக்கா. ஒருத்தர் தனியா மெசேஜ் பண்ணினார். அவர்கிட்ட சர்டிபிகேட் இருக்காம், பேரை மட்டும் மாத்தித் தர்றாராம். பத்து நிமிஷத்துல வந்துடும். அதையே போட்டுடறேன்."

"வேண்டாம்!" அக்கா வாய்விட்டே கத்திவிட்டாள். கணவர் கையிலிருந்த மூக்கு நழுவி மடியில் விழுந்தது.

"என்னாச்சு?"

"கள்ள சர்டிபிகேட் போடப்போறாங்க. ஒரு பதில்தான் ஏத்துப்பாங்க. கண்டுபிடிச்சா ஆயுசுக்கும் இவங்க கடை போட முடியாது."

"சொல்ல வேண்டியதுதானே?"

சொன்னாள். தட்டச்சில் விரல் வழுக்க வழுக்கச் சொன்னாள். புதுஊசி கேட்கிற நிலையில் இல்லை.

"அப்போ வேற என்ன வழி? நீங்க ஒண்ணுமே சொல்லலியே. கேள்விதான் கேக்கறீங்க. அவர் கேள்வியே கேக்கல."

நியாயமாகத்தான் பட்டது அக்காவுக்கு. அதற்கடுத்த வரி அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"நீங்க என்ன விக்கிறீங்கன்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்."

திரையின் ஓரத்தில் நாற்பத்தாறு பேர் பார்த்துக்கொண்டிருப்பதாக எண் காட்டியது. டப்பா சாரின் பெயருக்கு அருகே பச்சைப் புள்ளி எரிந்தது. இரண்டு வருடமாக அவர் வலை வீசிக்கொண்டிருக்கிறார். 'அக்கா, உங்க சாமான் நீளமா, உருண்டையா?' 'அக்கா, கனம் எவ்வளவு?' கடைசியாக, 'ஒரு துப்பாவது குடுங்கக்கா!' ஒவ்வொரு முறையும் அவள் நழுவிவிடுவாள்.

மணி மூன்று முப்பத்தாறு.

"என்னங்க, மூக்கைச் சொல்லச் சொல்றா."

கணவர் அவளைப் பார்த்தார், மடியில் கிடந்ததைப் பார்த்தார். "சொன்னா நாளைக்கு ஊரெல்லாம் மூக்கு."

"தெரியும்."

"சொல்லலேன்னா?"

அவள் திரையைப் பார்த்தாள். புதுஊசி வெட்டி எறிந்த மேல்பக்கம் கண்முன்னே நின்றது. அக்காவின் சொந்தக் குறிப்பிலும் அதே இடத்தில்தான் வெட்டு விழுந்திருந்தது. நாலு விஷயம் கேட்டவள், 'என்ன விற்கிறீர்கள்' என்பதை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் தன்னையும் யாராவது திருப்பிக் கேட்பார்கள் என்ற பயம்.

கணவர் மடியிலிருந்த மூக்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தன் கண்ணாடியைக் கழற்றி அதில் மாட்டினாள். படம் எடுத்தாள். திரை மங்கலாகத் தெரிந்தபோதே அனுப்பும் பட்டனை அழுத்திவிட்டாள்.

"மூக்கு விக்கிறேன். பூந்தொட்டி சூளையில செய்யறது. போதுமா? இப்போ உங்க நோட்டீஸை முழுசா போடுங்க. ஒரு எழுத்து வெட்டக் கூடாது."

ஒரு நிமிடம் போனது. பிறகு வந்தது, முழுப் படம்.

'பிரிவு: குழந்தைகளுக்கான பொம்மைகள். பொருள்: பூனைக்குட்டி.'

"பூனைக்குட்டியா?"

"துணிப்பூனைக்கா. உள்ளே மணல் ரொப்பியிருக்கோம். காத்துக்குக் கதவு சாத்திக்காம இருக்க முட்டுக் குடுக்கறது. பூனையா இருக்கேன்னு பொம்மைல போட்டோம்."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அம்மாடி, உங்ககிட்ட கேக்கறது பொம்மைக்கான சர்டிபிகேட்! உங்களுது பொம்மையே இல்ல. கதவு முட்டு. நீங்க சர்டிபிகேட்டே தர வேண்டாம். பிரிவை மாத்துங்க. முதல்ல அதை மாத்திட்டு அப்புறம்தான் பதில் போடணும்."

மூன்று நாற்பத்து மூன்று.

"மாத்திட்டேன். பதில் போடவா?"

"நில்லுங்க. உங்க கடைப் பக்கத்துல இருக்கிற படங்களைக் காட்டுங்க."

மூன்று படங்கள். மூன்றாவதில் ஒரு கைக்குழந்தை பூனையைக் கட்டிப்பிடித்துக் காதைக் கடித்துக்கொண்டிருந்தது.

"இது யாரு?"

"அண்ணியோட பொண்ணு. அழகா இருக்குன்னு போட்டோம்."

"அழகுதான். உடனே எடுங்க! குழந்தை வாயில வச்ச படத்தைப் போட்டுட்டு பொம்மை இல்லன்னா யார் நம்புவா? குழந்தைகளுக்குக் குடுக்காதீங்கன்னும் எழுதிடுங்க. உள்ளே மணல் இருக்கு, நிஜமாவே குடுக்கக் கூடாது."

"பக்கம் சுத்திக்கிட்டே இருக்குக்கா! திறக்க மாட்டேங்குது!"

மூன்று ஐம்பது. மூன்று ஐம்பத்திரண்டு. கணவர் செய்தித்தாளை விட்டுவிட்டு அவள் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு அவள் தோளில் பட்டது.

"படம் போயிடுச்சுக்கா! இப்போ என்ன எழுதட்டும்?"

அக்கா வாய் திறக்குமுன் டப்பா சார் எழுதினார். கேலி இல்லை, சிரிப்பு இல்லை. "கதை எழுதாதம்மா. மூணே வரி. இது கதவு முட்டு, பொம்மை இல்ல. தவறான பிரிவில் போட்டுவிட்டேன். மாற்றிவிட்டேன், படத்தையும் நீக்கிவிட்டேன். அவ்வளவுதான். அழுகையெல்லாம் வேண்டாம்."

"அதேதான்," என்றாள் அக்கா.

மூன்று ஐம்பத்தேழுக்குப் புதுஊசி ஒரே ஒரு சொல் போட்டாள்: "அனுப்பிட்டேன்."

அதன் பிறகு எழுத யாருக்கும் ஒன்றும் இல்லை. நாற்பத்தாறு பேர் அறுபதானார்கள். நாலு அடித்தது. நாலேகால் ஆனது. அக்கா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொள்ளக்கூட மறந்திருந்தாள்.

நாலு இருபத்தொன்றுக்குப் படம் வந்தது. இந்த முறை மேல்பக்கம் வெட்டவில்லை.

'பொருள்: பூனைக்குட்டி, கதவு முட்டு. உங்கள் பதில் ஏற்கப்பட்டது. கடை வழக்கம்போல் இயங்கலாம்.'

"அக்கா, அண்ணி உங்களுக்கு ஒரு பூனை அனுப்பணுமாம். விலாசம் குடுங்க."

"மூணாம் மாடின்னு போட்டா போதும்," என்று யாரோ எழுத, மன்றம் மறுபடி இரைச்சலானது.

அந்த இரைச்சலுக்கு நடுவில் டப்பா சாரின் பதிவு வந்தது. அக்கா முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தாள்.

"மூணாமாடி அக்கா, ரெண்டு வருஷத்துக்கு முன்னால நீங்க ஒரு கேள்வி போட்டீங்க. 'உடையற பொருளுக்கு என்ன பெட்டி நல்லது?' பொருள் என்னன்னு சொல்லல. நான் கேட்டுக்கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். உங்க மூக்குக்கு அளவா, நடுவுல குழிவு வச்ச பெட்டி என் குடோன்ல தூங்குது. முனை உடையவே உடையாது. அப்பவே சொல்லியிருந்தா இத்தனை நாள் பேப்பர் சுத்தியிருக்க வேண்டாமே."

கணவர் அதை இரண்டு முறை படித்தார். தரையில் மலையாகக் குவிந்திருந்த செய்தித்தாள் கிழிசலைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம்," என்றார். "என் எல்லா லீவு நாளும்."

"பேசாம அளவு நாடாவை எடுங்க," என்றாள் அக்கா.

அவர் நாடாவைத் தேடிக்கொண்டிருக்கும்போது, மன்றத்தில் நிலையாக ஒட்டி வைத்திருந்த தன் குறிப்பை அவள் திறந்தாள். நாலு விஷயங்களுக்கும் மேலே இடம் விட்டு, புதிதாக ஒரு வரி சேர்த்தாள்:

'முதலில், என்ன விற்கிறீர்கள் என்று சொல்லுங்கள். நான் மூக்கு விற்கிறேன்.'