கரையாத அப்பம்

சால் ஆறு கடலில் சேரும் துறையில் மீன் விற்ற பியெதாதின் மேலண்ணத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒட்டிய நற்கருணை அப்பம் அதன்பிறகு கரையவே இல்லை. அவள் மகன் மெனினோ போன படகு திரும்பாத வாரம் அது. அப்பம் கரையும்வரை ஆண்டவர் உள்ளே இருந்து கேட்பார் என்று நம்பிய ஊர் அது. பெண்கள் நாக்கை அசைக்காமல் வேண்டியதை மனசுக்குள் அவசரமாகச் சொல்லி முடிப்பார்கள். பியெதாத், பையனைத் திருப்பிக் கொடு என்று மட்டும் கேட்டாள். மறுபடி கேட்க நேரம் இருந்தது. மறுநாளும் இருந்தது.

"வெந்நீர் குடிச்சுப் பாத்தியாடி?" என்றாள் பக்கத்துக் கூடைக்காரி ஃபிலு.

"குடிச்சாச்சு."

"சாமியை வாயில வச்சுக்கிட்டு வஞ்சிரத்துக்கு இந்த விலை சொல்றியே, அடுக்குமா?"

பங்குப் பாத்ரி லூசியு டார்ச் அடித்துப் பார்த்தார். அப்பம் அப்பமாக இருக்கும்வரை கிறிஸ்து அதில் இருக்கிறார், சந்தேகமே இல்லை என்றார். கோவிலில் நற்கருணைப் பேழை முன் எரிவதுபோல அவள் வாசலிலும் அணையா விளக்கு வைத்தார்கள். சாகக் கிடப்பவர்களுக்கு நற்கருணை கொண்டுபோகும்போது பிடிக்கும் சிவப்புக் குடையும் மணியும் அவளோடு சந்தைக்குப் போயின. மணி கேட்டு ஜனங்கள் முழங்காலிட்டார்கள். முழங்காலிட்டவர்கள் பேரம் பேசவில்லை. மீன் கூடையிலேயே நாறியது. அவள் பொறுத்துக்கொண்டாள். எழுந்து போகாதவர் பதில் யோசிக்கிறார் என்றுதானே பொருள்? மெனினோவுக்கு இறந்தோர் பூசை வைக்க மட்டும் அவள் சம்மதிக்கவில்லை. மழைக்காலங்கள் வந்து போயின. ஃபிலுவுக்குப் பேரன் பிறந்தான்.

பெரிய வெள்ளியன்று, அப்பம் வைத்துப் பூட்டும் அந்தப் பேழை காலியாகத் திறந்து கிடக்க வேண்டும்; பேழையாகிவிட்ட அவள் வாயும் அப்படித்தான். வருடாவருடம் கண்டும் காணாமல் இருந்த பாத்ரி, அந்த வருடம் அவள் வீட்டுக்கே வந்தார்.

"கடிச்சு முழுங்கிடும்மா."

"பல்லு பட்டா அவருக்கு வலிக்கும்னு சொன்னீங்களே பாத்ரி."

"அது சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்றது."

"முழுங்கிட்டா அப்புறம் யார்கிட்ட கேக்கறது?"

"கேட்டது போதும்மா."

மூன்று மணிக்கு, ஆண்டவர் உயிர்விட்ட நேரத்தில், அவள் வாசல் விளக்கை அணைத்தாள். அப்பத்தை நாக்கால் நெம்பிக் கடைவாய்க்குத் தள்ளிக் கடித்தாள். அப்பம் உடையவில்லை, பல் உடைந்தது. அவர் உள்ளே இருக்கும்போது துப்பக் கூடாது என்பதால் ரத்தத்தை விழுங்கினாள். பல் இருந்த குழியில் அப்பம் போய் அமர்ந்துகொண்டது. மெனினோ வரமாட்டான் என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது. இவர் போகமாட்டார் என்பதும் தெரிந்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் இல்லை.

ஈஸ்டர் கழிந்து, காலிச் சவப்பெட்டியை நடுவில் வைத்து மெனினோவுக்குப் பூசை நடந்தது. குடையையும் மணியையும் அவள் கோவிலுக்கே திருப்பி அனுப்பினாள். சந்தையில் மறுபடி விலைக்குச் சண்டை பிடித்தார்கள். அவள் எதையும் கேட்பதை விட்டுவிட்டாள். சோற்றை மட்டும் மறுபக்கமாக மென்றாள்.